எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்தவர்களுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

தாய்லாந்தின் கோ தாவ் தீவில், சாய்ரீ கடற்கரையை ஒட்டிய ஒரு டைவ் கடைத் திண்ணையில் போன மார்ச்சில் உங்களில் நான்கு பேரைப் பார்த்தேன். நீளமான மரப் பெஞ்சின் ஒரு முனையில் நான் ஈரத் தலையோடு காபி குடித்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் நீங்கள் நால்வரும் தோள்பையைக்கூட இறக்காமல் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தீர்கள். மதுரைப் பக்கம் என்று பேச்சு காதில் விழுந்ததுமே தெரிந்துவிட்டது. உங்கள் கையில் இருந்தது மருத்துவக் கேள்வித்தாள். ஆஸ்துமா உண்டா, காதில் ஆபரேஷன் நடந்ததா, வலிப்பு வந்ததுண்டா, தொடர்ந்து மாத்திரை எடுக்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்கும். உங்களில் ஒருவர் எதையும் படிக்கவில்லை. மேலிருந்து கீழே வரை இல்லை, இல்லை, இல்லை. "ஒண்ணுல ஆமான்னு போட்டாலும் டாக்டர் சர்டிபிகேட் கேப்பாய்ங்கடா, ஒரு நா போயிரும்" என்று அவர் சொல்ல, மற்ற மூவரும் அதைப் பார்த்து எழுதினீர்கள். பரீட்சை ஹால் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்புகூட வந்தது.

நான் அம்மாவோடு போனில் பேசியதைக் கேட்டிருப்பீர்கள் போல. நீல பனியன் போட்ட தம்பி மெல்ல என் பக்கம் நகர்ந்து வந்து கேட்டார்: "அக்கா, நீச்சல் தெரியாதுன்னு சொன்னா கட்டின காசத் திருப்பித் தருவாங்களா?"

"பயப்படாதீங்க தம்பி, பாத்துக்கலாம்" என்று என்னவோ சொன்னேன். அதற்குள் இரண்டாவது டைவுக்குப் படகில் ஏறச் சொல்லிவிட்டார்கள். மாலையில் திரும்பியபோது பெஞ்ச் காலி. அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நீல பனியனுக்கு மட்டுமல்ல, பையை மாட்டிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றும்போது போகிற போக்கில் ஸ்கூபாவும் கற்றுக்கொண்டு வந்துவிடலாம் என்று கிளம்புகிற எல்லோருக்கும்.

நான் சிரித்தேனே, அந்தச் சிரிப்புக்கு எனக்குத் தகுதி கிடையாது. 2017 பிப்ரவரியில் அதே தீவில் அதேபோன்ற தாளில் நானும் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டவள்தான். திருச்சிக்காரி. காவிரித் தண்ணீரைவிடக் காவிரி மணலை அதிகம் பார்த்து வளர்ந்தவள். 26 வயதில்தான் நீச்சல் பழகினேன். பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் சும்போன் போய், அங்கிருந்து 'கட்டமரான்' என்று எழுதிய வேகப் படகில் ஏறினேன். நம் கட்டுமரம்தான், பெயரை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு நாம் மறந்துவிட்டோம். அது இரட்டை வயிறும் ஏசியும் வைத்துக்கொண்டு வளைகுடாவில் பறக்கிறது. ரயில் ஏசியில் பிடித்த ஜலதோஷம் படகிலும் என்னோடு வந்தது. கையில் பதினோரு நாள். நான்கு நாள் டைவிங், அடுத்து கோ பாங்கானில் முழுநிலா இரவு, அடுத்து கோ சமுய், அங்கிருந்து விமானம். ஜலதோஷத்துக்கு அதில் இடமில்லை. மூக்கடைப்பு மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, தாளில் 'இல்லை' என்று எழுதிவிட்டேன்.

குளத்துப் பயிற்சி நன்றாகவே போனது. மூன்றாம் நாள் நாங் யுவான் பக்கம், ஜப்பானியத் தோட்டம் என்று சொல்லும் பவளத் திட்டில் இறக்கினார்கள். பெயருக்கு ஏற்ற இடம், ஆழமும் அதிகமில்லை. மூன்று மீட்டரில் வலது காதில் ஊசி குத்தியதுபோல இருந்தது. இதற்கு ஒரு சைகை உண்டு: விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுக் காதைத் தொட்டுக் காட்ட வேண்டும். முந்தின நாள்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் மற்ற ஐந்து பேரும் கீழே மணலில் மண்டியிட்டு எனக்காக அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தார்கள். எல்லோரும் வெள்ளைக்காரர்கள். 'இந்தியாக்காரி ஒருத்தியால்தான் தாமதம்' என்று ஆகிவிடக் கூடாதே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பலம் கொண்ட மட்டும் ஊதினேன். காதுக்குள் ஏதோ 'பொத்' என்றது. மேலே வந்தபோது இன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் பேசாமல் என் மாஸ்க்கைக் கழற்றிக் கையில் கொடுத்தார். உள்ளே ரோஸ் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர். மூக்கிலிருந்து வந்த ரத்தம்.

செவிப்பறை கிழியவில்லை, நடுக்காதில் ரத்தம் கட்டியிருக்கிறது, இரண்டு வாரம் தண்ணீருக்குள் தலையை விடாதே என்று கிளினிக்கில் சொன்னார்கள். பாங்கான் போயிற்று, சமுய் போயிற்று. விமான டிக்கெட்டை மாற்றக் கட்டிய காசு பயிற்சிக் கட்டணத்தைவிட அதிகம். கையை ஒரு தடவை ஆட்டியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

ஏன் மூன்று மீட்டரிலேயே காது வலித்தது என்று பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். கடல் மட்டத்தில் நம்மேல் அழுத்துவது ஒரு வளிமண்டலத்தின் கனம். பத்து மீட்டர் ஆழத்தில் அது இரண்டாகிறது. காதுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்குகிறது. இன்னும் பத்து மீட்டர் போனால் மூன்று மடங்குதான். காற்று மூன்றில் ஒரு பங்கு. அதாவது பெரிய மாற்றமெல்லாம் மேல்பரப்பை ஒட்டித்தான். ஆழத்தில்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டு முதல் ஐந்து மீட்டரை அவசரமாகத் தாண்டப் பார்க்கிறோம். காது மாட்டிக்கொள்வது அங்கேதான். வலி வந்தபின் ஊதுவது தாமதம். வலிக்கு முன்பே, தலை தண்ணீருக்குள் போன கணத்திலிருந்தே, ஒவ்வொரு முழத்துக்கும் மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதிக்கொண்டே இறங்க வேண்டும். காது திறக்கவில்லையா, ஒரு மீட்டர் மேலே போய் மறுபடி முயலுங்கள். அப்போதும் திறக்கவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், காபி குடிக்கப் போகலாம். மாத்திரை போட்டு அடைப்பை மறைத்தால் இன்னொரு சங்கடமும் உண்டு. மருந்தின் வீரியம் அடியில் இருக்கும்போது தீர்ந்துவிட்டால், மேலே வரும்போது விரிகிற காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

அந்த இரண்டு வாரமும் மின்விசிறி மட்டும் உள்ள ஒரு மரக் குடிலில் கிடந்தேன். கூரையில் 'டொக்கே, டொக்கே' என்று கத்தும் ஒரு பெரிய பல்லி. கோ என்றால் தீவு, தாவ் என்றால் ஆமை. மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். 1899-இல் மன்னர் சுலலாங்கோர்ன் வந்து ஒரு பாறையில் தன் பெயர் முதலெழுத்துகளைப் பொறித்துவிட்டுப் போனார். 1940-களில் அரசியல் கைதிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். பிறகு தென்னையும் மீனுமாகக் கிடந்த ஊர், இன்று உலகிலேயே அதிகம் பேர் டைவிங் கற்கும் இடங்களில் ஒன்று. நான் போனபோது நான்கு நாள் பயிற்சி சுமார் 11,000 பாட். சில கடைகளில் படுக்கையும் அதற்குள்ளேயே.

வேலை ஒன்றும் இல்லாததால் தினமும் கடைத் திண்ணையில் உட்கார்ந்து, போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்தேன். யார் நன்றாகக் கற்கிறார்கள் என்று நான் போட்ட கணக்கெல்லாம் தப்பானது. ஜிம் உடம்புக்காரர்கள் இருபத்தைந்து நிமிடத்தில் சிலிண்டரைக் காலி செய்துவிட்டு வந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஒரு டச்சுக்காரம்மா, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், முதல் நாள் இறங்கிய இரண்டாம் நிமிடமே கட்டைவிரலை உயர்த்தி மேலே வந்துவிட்டார். அடுத்த நாளும் அப்படியே. படகில் யார் முகத்தையும் பார்த்து அவர் கூச்சப்படவில்லை. பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு வாழைப்பழம் உரித்துத் தின்றார். ஐந்தாம் நாள் அவர் முடித்த டைவைப் பற்றி இன்ஸ்ட்ரக்டர்கள் இரவு பேசிக்கொண்டார்கள், அவ்வளவு நிதானமாக இருந்ததாம். காது சரியானதும் நானும் மீதியை அங்கேயே முடித்தேன். அந்த அம்மாவைப் பார்த்திருக்காவிட்டால் ஊருக்கு ஓடியிருப்பேன்.

கட்டைவிரல் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு அது 'சூப்பர்'. தண்ணீருக்கடியில் அது 'நான் மேலே போகிறேன்'. இன்ஸ்ட்ரக்டர் 'எல்லாம் சரியா?' என்று கேட்க, சந்தோஷத்தில் நீங்கள் கட்டைவிரலைக் காட்டினால் மொத்தக் குழுவையும் மேலே கூட்டிவந்துவிடுவார். சரி என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். இன்னொன்று, நம் தலையாட்டல். ஆமாம் என்பதற்கும் இருக்கலாம் என்பதற்கும் பார்க்கலாம் என்பதற்கும் நாம் ஒரே மாதிரி பக்கவாட்டில் ஆட்டுகிறோமே, அது கடலுக்கடியில் செல்லாது. நான் ஒருமுறை ஆட்டியதைப் பார்த்து, இன்ஸ்ட்ரக்டர் என் காதுக்கு மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டைவிரலை உயர்த்த யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் கூடாது என்பது டைவிங்கில் எழுதி வைத்த வழக்கம். உங்கள் குழுவில் நான்கு நண்பர்கள் இருந்தால் இதைப் படகில் ஏறும் முன்பே ஒருவருக்கொருவர் சொல்லிவிடுங்கள். 'டேய், உன்னாலதான்டா' என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த முறை அவன் வலியை மறைத்துவிடுவான்.

முதல் மூச்சைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட வைத்து, வாயில் ரெகுலேட்டரைக் கவ்வச் சொல்லி, முகத்தை உள்ளே வை என்பார்கள். உடம்பு ஒப்புக்கொள்ளாது. முகம் நனைந்தால் மூச்சை நிறுத்து என்பதுதான் அதற்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த பாடம். தைரியமாக இழுத்தீர்கள் என்றால் 'ஸ்ஸ்ஸ்' என்று குக்கரில் ஆவி வரும் சத்தம். விட்டால் உலை கொதிக்கும் சத்தம். இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. காரை எரிவாயுவில் ஓட்டுவதற்காக எமீல் கான்யான் என்ற பொறியாளர் ஒரு வால்வு செய்திருந்தார். கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ அவரிடம் போய், கேட்கும்போது மட்டும் காற்று கொடுக்கும் ஒரு கருவி வேண்டும் என்றார். 1943-இல் இருவருமாகச் செய்ததுதான் இந்த ரெகுலேட்டர். நீங்கள் எத்தனை ஆழத்தில் இருக்கிறீர்களோ அந்த அழுத்தத்துக்கே காற்றைக் கொடுக்கும். அதனால்தான் நெஞ்சு நசுங்காமல் சாதாரணமாக மூச்சு வருகிறது. காருக்காகப் பிறந்த யோசனை என் வாயில் இருக்கிறது என்று நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கிறது.

சின்ன வயதிலிருந்து பிராணாயாமம் செய்கிறவர்கள் கும்பகத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மூச்சை அடக்கவே கூடாது, இந்த ஒரு விதியில் விட்டுக்கொடுப்பு இல்லை. பத்து மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேலே வந்தால் இரண்டு மடங்காகும். வாயை மூடிக்கொண்டு எழும்பினால் அது போக இடமில்லாமல் நுரையீரலைக் கிழிக்கும். பயந்தவன் முதலில் செய்வது மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வதுதான். ஆகவே பயம் ஆரம்பிக்கும்போதே, சின்னதாக இருக்கும்போதே, கையைக் காட்டிவிடுங்கள்.

காற்று குறைவதையும் இப்படித்தான் மறைக்கிறார்கள். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று ஏற்றித் தருவார்கள். 50 பாருக்குக் கீழே போகாமல் படகேற வேண்டும், அதிலும் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு. புதியவர்களுக்குச் சட்டென்று தீரும், அது இயல்பு. 'எல்லோருக்கும் 120 இருக்கிறதே, எனக்கு 80 என்று எப்படிச் சொல்வது' என்று காற்றளவு காட்டும் முள்ளை மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். உங்களோடு ஜோடியாக இறங்குகிறவரைப் 'பட்டி' என்பார்கள். உசிலம்பட்டியில் வருகிற பட்டி இல்லை. உங்கள் காற்று தீர்ந்தால் தன் ஜாக்கெட்டில் தொங்கும் இன்னொரு ரெகுலேட்டரைத் தருகிறவர். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த மச்சான். அவரிடம் உங்கள் 80-ஐ முதலில் சொல்லுங்கள்.

இனி பயணத் திட்டம். பையைத் தூக்கிச் சுற்றுகிறவர்கள் டைவிங்கைக் கடைசிக்கு வைக்கிறார்கள், பரிசுபோல. தலைகீழாக வையுங்கள். ஆழத்தில் அழுத்தத்தோடு மூச்சுவிட்டதில் ரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் கரைந்திருக்கும். அது மெல்ல வெளியேற வேண்டும். பல நாள் பல டைவ் செய்தபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் கூடாது. காலையில் டைவ், மாலையில் சமுய்யிலிருந்து விமானம் என்று டிக்கெட் போடுகிறவர்களை நான் பார்க்கிறேன், வயிற்றைக் கலக்குகிறது. முதல் தீவில் கற்றுக்கொண்டு, அடுத்த தீவுகளில் மரத்தடியில் படுத்து ஆற்றிக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதையும் டைவிங் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். கோ தாவின் மேடு பள்ளத்தில் சறுக்கி விழுந்து, முட்டியில் கட்டோடு படகு போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன்கள் கடைக்கு ஒருவர் நிச்சயம் உண்டு.

அப்புறம் அந்த வாளி. குழந்தைகள் மணல் அள்ளும் பிளாஸ்டிக் வாளியில் ரம்மையும் சோடாவையும் ஊற்றி நாலு ஸ்ட்ரா போட்டுக் கொடுப்பார்கள். குடிக்காதே என்று சொல்ல நான் உங்கள் சித்தி இல்லை. மறுநாள் காலை டைவ் இருந்தால் வேண்டாம். உடம்பில் நீர் வற்றிப்போய் இறங்குவது நைட்ரஜன் விவகாரத்தில் நல்லதல்ல. மப்போடு வந்தவர்களை நல்ல கடைகள் படகில் ஏற்றுவதில்லை. படகு ஆட்டத்தில் வாந்தி வந்தால் மட்டும் கவலை வேண்டாம். ரெகுலேட்டருக்குள்ளேயே எடுக்கலாம், அது தாங்கும். மீன்கள் கூட்டமாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். எனக்குத் தெரியும்.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை தாய்லாந்து வளைகுடாப் பக்கம் மழையும் கலங்கலும். அப்போது மேற்கே அந்தமான் கடல் பக்கம் போங்கள், அங்கே பருவம் அப்போதுதான் திறக்கும். கடை தேடும்போது விலையைக் கேட்கும் முன் ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். பயிற்சி அமைப்புகளின் விதி எட்டு வரை அனுமதிக்கிறது. நான்கு என்று சொல்லும் கடைக்கு ஆயிரம் பாட் கூடக் கொடுக்கலாம்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு ஏன் ஒவ்வொரு வருஷமும் போகிறாய் என்று அம்மா கேட்பாள். நான்காவது டைவில்தான் எனக்குப் பிடிபட்டது. ஜாக்கெட்டில் காற்று சரியாக இருந்தால் மிதக்கவும் மாட்டீர்கள், மூழ்கவும் மாட்டீர்கள். மூச்சை இழுத்தால் ஒரு சாண் மேலே, விட்டால் ஒரு சாண் கீழே. கையும் காலும் சும்மா இருக்கின்றன. எதிரே பவளத்தின் அடியில் நீலப் புள்ளி போட்ட ஒரு திருக்கை, உடம்பு பாதி மணலுக்குள். அது என்னைப் பார்க்கிறது, நான் அதைப் பார்க்கிறேன். பன்னிரண்டு மீட்டரில் சிவப்பு நிறம் அநேகமாக இருக்காது, தண்ணீர் முதலில் அதைத்தான் விழுங்கும். என் கையில் அம்மா கட்டிய சிவப்புக் கயிறு கருப்பாகத் தெரிந்தது. இன்ஸ்ட்ரக்டர் டார்ச் அடித்தார், சட்டென்று கயிறு சிவந்தது, அணைத்ததும் மறுபடி கருத்தது. இன்னொரு தடவை அடிக்கச் சொல்ல எனக்குச் சைகை தெரியவில்லை.

நீல பனியன் தம்பிக்கு: நீச்சல் தெரியாமல் சான்றிதழ்ப் பயிற்சியில் சேர முடியாது. 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். நேரக் கணக்கு இல்லை, நீச்சல் வகையும் உங்கள் இஷ்டம், நாய் நீச்சலானாலும் சரி. அது வராது என்றால் ஒரு நாள் அறிமுக டைவ் என்று ஒன்று உண்டு. அதற்கு நீச்சல் தேவையில்லை; இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருப்பார், 12 மீட்டருக்குக் கீழே போக மாட்டார்கள். மூன்று மாதம் மதுரையிலேயே ஒரு குளத்தில் பழகிவிட்டு அடுத்த வருஷம் மீதியைக் கற்கலாம்.

காசு விஷயம் அன்று மாலையே கேட்டேன். குளத்தில் இறங்கும் முன் சொல்லியிருந்தால் அறிமுக டைவுக்கான தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்களாம். உங்களைத் தேடலாம் என்று எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்றும் கேட்டேன். கடைப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
பெஞ்சின் மறுமுனையில் இருந்த அக்கா

பி.கு.: உங்களில் ஒருவருக்கு நல்ல அடர்த்தியான மீசை. மாஸ்க்கின் ரப்பர் அதன்மேல் ஒட்டாது, தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மூக்குக்குக் கீழே மேல் ஓரத்தை மட்டும் ஒரு கோடு அளவுக்கு மழித்துவிட்டு, கொஞ்சம் வாஸலின் தடவினால் போதும். மீசையை எடுக்க வேண்டியதில்லை.